உன் அம்மாவின் கள்ளி

குன்னூர்,
மே 9

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு பிடிமானம் இல்லாமல் மாடிப்படி ஏறினாய் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. பேத்திக்குப் பல் முளைத்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். இங்கே எல்லோரும் நலம். சீசன் கூட்டத்தில் மார்க்கெட் பக்கம் தலைகாட்ட முடியவில்லை.

உன்னிடம் உடனே சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. உன் அம்மா கொடுத்த வேர்க்கடலைக் கள்ளி பூத்துவிட்டது! ஒரே தொட்டியில் பதினேழு பூக்கள்.

நினைவிருக்கிறதா, உங்கள் வீட்டு வராந்தாவில் ஓரம் உடைந்த எனாமல் பேசினில் விரல் விரலாக நெருங்கிக் கிடக்குமே, அதேதான். நீ கல்யாணமாகித் திருச்சிக்குப் போன வருடம் அம்மா அதில் ஒரு துண்டை ஒடித்துத் தினத்தாளில் சுற்றிக் கொடுத்தார். "குளிர்காலத்தில் சுருங்கும். பயந்து தண்ணீர் ஊற்றிவிடாதே, அது தூங்குகிறது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் மறந்துபோனேன். நாலு வருடத்துக்கு முன்னால் தை மாதம், தண்டெல்லாம் வற்றி ஊதா நிறமாகிக் கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் இரண்டு நாள் தண்ணீர் விட்டேன். பத்தே நாளில் அடி அழுகி, தொட்டால் கூழாக வந்தது. உங்கள் வீடு கைமாறி, பேசினும் போய் வெகு காலமாகியிருந்தது. எஞ்சியது என்னிடம் இருந்த இதுதான். அன்று நான் அழுதேன், ராஜி.

நுனியில் பச்சை மாறாத துண்டு ஒன்றே ஒன்று தப்பியது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. வெட்டுவாய் காயட்டும் என்று ஒரு வாரம் நிழலில் போட்டுவைத்தேன். பிறகு காய்ந்த மணல்மேல் சும்மா படுக்கவைத்தேன், புதைக்கவில்லை. பதினைந்து நாளில் அடியில் வெள்ளை நூல்போல வேர் விட்டது. அந்த ஒரு துண்டுதான் இன்று ஆறு அங்குலத் தொட்டி நிறைந்து விளிம்பில் வழிகிறது.

இதன் சொந்த ஊர் அர்ஜென்டினாவின் வடமேற்கு மலைகள், சால்ட்டா, டுக்குமான் பக்கம். இத்தாலியிலிருந்து போய் அங்கே குடியேறிய ஸ்பெகஸ்ஸினி என்பவர் 1905இல் இதற்குப் பெயர் சூட்டினார். தன் மகரந்தத்தால் தானே விதை பிடிக்காது. ஒரே செடியிலிருந்து பிரிந்த துண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் பூத்தாலும் அப்படித்தான். அதனால் கைக்குக் கை ஒடித்துக் கொடுத்தே பரவுகிறது. என் தொட்டியில் இருப்பது உன் அம்மாவின் செடிக்குப் பிள்ளையோ பேரனோ இல்லை. அதே செடிதான். இதைப் புரிந்துகொண்ட அன்று தொட்டியைத் தொடவே கை கூசியது.

பூவைப் பற்றிச் சொல்கிறேன். பங்குனிக் கடைசியில் தண்டின் பக்கவாட்டில், பழுப்பு மயிர் சுற்றிய மிளகுபோல ஒன்று எட்டிப் பார்த்தது. புதுத் துண்டோ என்றுதான் முதலில் நினைத்தேன். துண்டில் மயிர் குறைவாக இருக்கும், மொட்டில் அடர்ந்திருக்கும். நேற்று வெயில் ஏறி பத்து மணி இருக்கும். மூடியிருந்த இதழ்கள் ஒவ்வொன்றாக விலகி, தண்டைவிட மூன்று மடங்கு அகலத்தில் விரிந்தன. செம்பருத்திச் சிவப்பில் கொஞ்சம் நெருப்பைக் கலந்த நிறம். மாலையில் மூடிக்கொண்டு இன்று காலை மறுபடி விரிந்தது.

அம்மா சொன்னபடி செய்ததற்குக் கிடைத்த பலன் இது. கார்த்திகை பிறந்ததும் தண்ணீரை நிறுத்தி, மழை படாமல் ஓட்டுக்கூரை விளிம்புக்குக் கீழே, வெயில் மட்டும் விழும் இடத்தில் வைத்தேன். மாசிவரை ஒரு சொட்டுக்கூட இல்லை. இரவுக் குளிர் 10 டிகிரியை ஒட்டி இறங்க வேண்டும். அந்தக் குளிரும் தாகமும் கிடைத்தால்தான் மொட்டு வைக்கும். ஆகவே திருச்சியில் இப்படிப் பூக்கும் என்று ஆசை காட்ட மாட்டேன். உங்கள் ஊர் மார்கழி இரவே 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காதே. ஆனால் உயிரோடு இருக்கும், பெருகும். கிழக்கு பார்த்த பால்கனியில் காலை வெயில் போதும். உச்சி வெயில் வேண்டாம், தோல் மெல்லியது. மண்ணில் பாதிக்கு மேல் பருமணலும் செங்கல் துண்டும் இருக்கட்டும். தண்டில் துருப்பிடித்தாற்போலத் தெரிந்தால் செஞ்சிலந்திப் பேன் என்று எடுத்துக்கொள். உங்கள் வறண்ட காற்றில் அது வரத்தான் செய்யும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, சாயங்காலமாக வேப்பெண்ணெய்க் கரைசல் தெளி.

நர்சரியில் இதிலேயே மஞ்சள் நிறத்தில் ஒன்றை டிராகன் பழச் செடித் துண்டின்மேல் ஒட்டி விற்பார்கள். அழகாக இருக்கிறதென்று வாங்கிவிடாதே. அதற்குப் பச்சையம் இல்லை. அடிக்கட்டை போனால் அதுவும் போய்விடும்.

நாளை ஆறு துண்டுகளைத் தினத்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். தொட்டாலே உதிரும் செடி, வழியில் இன்னும் இரண்டாக உடைந்து வந்தால் வருத்தப்படாதே, எல்லாமே வேர் விடும். மீதி இங்கேயே உனக்காகவும் இருக்கும். அடுத்த சித்திரையில் முட்டி நன்றாகிவிட்டால், பேத்தியையும் அழைத்துக்கொண்டு வந்து பார்.

பெட்டி வந்ததும் பிரித்து நிழலில் வை. ஒரு வாரத்துக்குத் தண்ணீர் காட்டாதே.

அன்புடன்,
செல்வி