பச்சை முக்கோணத்தை நம்பாதே

அன்புள்ள தேவிக்கு, அம்மா எழுதுவது.

நீ வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோனை ஓட்டும் வீடியோவைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டேன். எதிர்வீட்டுப் பெரியம்மா இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். சந்தோஷம்தான். ஆனால் பறக்கவிடுவதற்கு முன்னால் ஒரு மருந்துப் பொட்டலத்தைக் கிழித்து வாளியில் கொட்டி, வெறுங்கையால் கட்டி உடைத்துக் கரைக்கிறாயே, அந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை.

போனில் கேட்டதற்கு, "பச்சை முக்கோணம்தானம்மா, ஒன்றும் செய்யாது" என்றாய். மருந்துப் பொட்டலத்தின் மேல் முக்கோணம் போட்டுச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிறம் பிரிப்பது, ஒரே தடவையில் எவ்வளவு உள்ளே போனால் உயிர் போகும் என்பதை வைத்து. எலிக்குக் கொடுத்துப் பார்த்துப் போட்ட கணக்கு அது. வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் ஏறினால் மரபணு என்ன ஆகும் என்பதற்கு அந்த நிறத்தில் பதில் கிடையாது.

நீ கரைத்தது கார்பென்டாசிம் என்கிற பூஞ்சைக்கொல்லி. நம் வீட்டிலும் விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 2 கிராம் போட்டுப் பிசிறிய பொடிதான். பூஞ்சையை அது எப்படிக் கொல்கிறது தெரியுமா? ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களை ஆளுக்குச் சரிபாதியாக இழுத்துக்கொண்டு போக மெல்லிய இழைகள் உண்டு. அவை உருவாகாமல் இது தடுத்துவிடும், பங்கு தாறுமாறாகும். பூஞ்சையிடம் காட்டும் வேகத்தை மனித செல்லிடம் காட்டாது என்பது உண்மை. ஆனால் அடியோடு விட்டுவைப்பதும் இல்லை. ஐரோப்பாவில் இதை மரபணுவையும் கருவையும் பாதிக்கக்கூடியவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். இங்கே பச்சை!

இது ஒரு மருந்தோடு முடிகிற சங்கதி இல்லை. ஆந்திராவில் பருத்திக்கு மருந்தடித்தவர்களின் ரத்தத்தை 1980களின் கடைசியில் சோதித்தபோதே, குரோமோசோம் சிதைந்த செல்கள் மற்றவர்களைவிட அதிகம் இருந்தன. இப்போது கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்தே பார்க்கிறார்கள். பங்கு பிரிக்கும்போது விடுபட்ட துண்டு, செல்லின் உட்கருவுக்குப் பக்கத்தில் தனிச் சின்ன உருண்டையாக நிற்கும். நான் சப்சென்டரில் நர்ஸாக இருந்த காலத்தில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மருந்தடித்து மயங்கி வருபவர்கள்தான். கண்மணி கடுகாய்ச் சுருங்கி, எச்சில் ஒழுக வருவார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவோம். அந்த மயக்கத்துக்கு எடுக்கும் கோலினெஸ்டரேஸ் என்கிற ரத்தப் பரிசோதனை நார்மல் என்று வந்தாலும், மரபணுவுக்கு ஒன்றுமில்லை என்று ஆகாது. அது வேறு கணக்கு.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. அந்த உருண்டை தெரிந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. செல் தன் உடைசலைத் தானே பெரும்பாலும் சரிசெய்துகொள்ளும். அதற்கு அவகாசம் கொடுக்காமல் தினம் தினம் உடைத்தால்தான் வம்பு. ஆணுக்கு விந்தணு இரண்டரை மாதத்துக்கொரு முறை புதிதாக உருவாகிறது. நமக்கு அப்படி இல்லை. நீ என் வயிற்றில் இருந்தபோதே உன் கருமுட்டைகள் உருவாகிவிட்டன. இனிமேல் புதிதாக வராது, இருப்பதைத்தான் காப்பாற்ற வேண்டும். அடுத்த வருஷம் குழந்தை என்று மாப்பிள்ளையும் நீயும் பேசிக்கொள்கிறீர்கள், அதனால்தான் சொல்கிறேன்.

ட்ரோன் வந்ததால் புகைமாதிரி தெறிக்கும் மருந்துக்குள் நடக்க வேண்டியதில்லை, நல்லது. ஆனால் கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டரில் கலந்ததை நீ 10 லிட்டரில் கலக்கிறாய். எத்தனை மடங்கு கெட்டி, பார்த்துக்கொள். அதுவும் ஒரே நாளில் எத்தனை ஏக்கருக்கு!

கலக்குவதைக் கொஞ்ச காலம் உன் கூட வருபவரிடம் விட்டுவிடு, அவரும் நைட்ரைல் என்கிற செயற்கை ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். சர்ஜரிக்குப் போடும் மெல்லிசு கையுறை வேண்டாம். துப்பட்டாவை முகத்தில் கட்டாதே. நனைந்தால் மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மூக்கிலேயே உட்காரும். காற்று மருந்தை உன் மேல் அடித்துக்கொண்டு வரும் பக்கம் நிற்காதே. வேலைத் துணியை மாப்பிள்ளை துணியோடு சேர்த்து ஊறவைக்காதே. குழுவில் யாராவது கேலி செய்தால், அம்மா நர்ஸ், விட மாட்டேன் என்கிறாள் என்று என் மேல் போட்டுவிடு.

அப்புறம், ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்போதே ஆரம்பித்துவிடு. அந்தச் சத்து குறைந்தாலும் குரோமோசோம் உடையும். அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேள், கொடுப்பார்கள். என் பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டு நிற்காதே.

அன்புடன்,
அம்மா