ஸ்டீவ் இர்வினுக்காகக் கூடிய எங்கள் கரைக்கு நன்றி

பாம்பன் தென்கடல் கரை ஊராருக்கும், மண்டபம், தங்கச்சிமடம் பக்கமிருந்து வந்திருந்த பெற்றோருக்கும் வணக்கம்.

2006 செப்டம்பர் 4ஆம் தேதி, டிவியில் முதலை பிடித்துக் காட்டும் ஆஸ்திரேலியாக்காரர் ஸ்டீவ் இர்வின் கடலில் திருக்கை மீன் குத்தி இறந்துபோனார் என்ற செய்தி வந்ததிலிருந்து எங்கள் மாலைப் படிப்பகத்துப் பிள்ளைகள் பிள்ளைகளாகவே இல்லை. அவர்களுக்கு அவர் முதலைக்காரர். அவர் பேசுகிற இங்கிலீஷில் ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் காக்கி அரைக்கால் சட்டையோடு சேற்றில் விழுந்து புரண்டு அவர் முதலையைப் பிடிப்பதைப் பார்க்க, கேபிள் இருக்கிற வீட்டு வாசலெல்லாம் நிறைந்துவிடும். 44 வயதுதான் அவருக்கு. மகள் பிந்திக்கு எட்டு வயது, மகன் ராபர்ட்டுக்கு மூன்று வயதுகூட முடியவில்லை. "அந்தத் தம்பிக்கு அப்பா முகம் ஞாபகம் இருக்குமா டீச்சர்?" என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். கடலுக்குப் போன அப்பா கரை திரும்பாத வீடுகள் எங்கள் தெருவிலும் உண்டு. அவள் கேட்டது அதையும் சேர்த்துத்தான். அதனால்தான் அவருக்கு ஓர் இரங்கல் கூட்டம் வைக்க நினைத்தோம். அது நடக்கக் கைகொடுத்தவர்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி கரைவலை இழுக்கும் பெரியவருக்கு. செய்தி வந்த அந்த வாரம் வலையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு திருக்கைக் குட்டி வந்தது. "இதுதான் ஸ்டீவைக் கொன்னுச்சு" என்று ஒரு பையன் கம்பை ஓங்க, மற்றவர்களும் கல்லோடு ஓடினார்கள். பெரியவர் கம்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, குட்டியை வாலில் தொடாமல் இரு பக்கச் செட்டையையும் பிடித்துத் தூக்கித் தண்ணீரில் விட்டார். "இது அவரப் பாத்திருக்குமாடா? அது எந்தக் கடல், இது எந்தக் கடல்?" என்றார். பையன் அழுதுவிட்டான். அவனைத் திட்டாமல் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டதற்காகவும் அவருக்கு நன்றி. அவர் வாழ்ந்த ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கடற்கரைகளிலேயே வால் வெட்டப்பட்ட திருக்கைகள் கிடந்ததாகப் பத்திரிகையில் படித்தபோது மனசு கொதித்தது. வளர்ந்தவர்கள் செய்த வேலை அது. எங்கள் பிள்ளைகளை அந்தப் பக்கம் போகவிடாமல் ஒரு பெரியவர் தடுத்தார்.

கூட்டத்துக்கு அவரே ஒரு காய்ந்த திருக்கை முள்ளையும் எடுத்து வந்தார். கைக்குக் கை மாறிய அந்த முள்ளை நானும் விரலால் தடவிப் பார்த்தேன். நுனியிலிருந்து அடிப்பக்கம் போனால் வழுக்குகிறது, திருப்பி இழுத்தால் இரண்டு ஓரமும் ரம்பம்போல் பிடிக்கிறது. அதன்மேல் உள்ள தோலில்தான் விஷம். திருக்கை தேடி வந்து குத்துவதில்லை, மணலுக்குள் புதைந்து கிடக்கும், மிதித்தாலோ மடக்கிவிட்டார்கள் என்று பயந்தாலோ வாலை வீசும் என்று அவர் சொன்னார். பாசி எடுக்கப் போகும் அக்காமார் எழுந்து, காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டே நடப்பது எப்படி என்று நடந்தே காட்டினார்கள். சத்தம் கேட்டால் அதுவே விலகிப் போய்விடுமாம். பிள்ளை பெற்றவளுக்குத் திருக்கைக் குழம்பு வைத்துக் கொடுப்பதையும் அவர்களே சொன்னார்கள். பயமும் இல்லாமல் பகையும் இல்லாமல் ஒரு மீனைப் பற்றி இப்படிப் பேசிக் கேட்டது பிள்ளைகளுக்கு அதுதான் முதல் தடவை.

சுகாதார நிலையத்து நர்ஸ் அம்மா வேலை முடிந்த களைப்போடு வந்தார். கையிலோ காலிலோ குத்தினால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் வைத்திருக்க வேண்டும், சூடு விஷத்தின் வேகத்தைக் குறைக்கும் என்றார். நெஞ்சிலோ வயிற்றிலோ பாய்ந்தால் முள்ளைப் பிடுங்காமல் அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை இரண்டு முறை சொன்னார். ஸ்டீவுக்குக் குத்தியது நெஞ்சில். திருக்கை குத்தி ஆள் சாவது மிக மிக அரிது.

கேபிள் நடத்தும் அண்ணன் டிவி பெட்டி கொடுத்தார், வாடகை வாங்கவில்லை. கோயில் ஃபாதர் மண்டபத்தைத் திறந்துவிட்டார். ஜமாஅத்திலிருந்து நோன்புக் கஞ்சி வாளிவாளியாக வந்தது. எல்லோருக்கும் நன்றி.

படகுச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டி எழுந்து, "சும்மா கிடக்கிற பிராணிகிட்ட அவரு ஏன் அவ்வளவு நெருங்கிப் போகணும்?" என்று கேட்டார். சிலருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது. 2004இல் ஸ்டீவ் கைக்குழந்தையை வைத்துக்கொண்டே முதலைக்கு இரை கொடுத்தார் என்று அவர் நாட்டிலேயே பலர் கோபப்பட்டார்கள். ஆனால் சம்பாதித்த பணத்தில் காட்டு உயிர்களுக்காக நிலம் நிலமாக வாங்கிப் போட்டதும், அதே 2004இல் அவற்றுக்கென்று ஆஸ்பத்திரி திறந்ததும் அதே மனிதர்தான். கடைசி நாளிலும், போர்ட் டக்ளஸுக்கு அப்பால் பேட் ரீஃப் என்ற பவளப்பாறையில் வானிலை சரியில்லாமல் படப்பிடிப்பு நின்றபோது, மகளுடைய நிகழ்ச்சிக்காவது ஏதாவது எடுக்கலாம் என்றுதான் தண்ணீரில் இறங்கினார். இதைச் சொன்னபோது, கச்சான் காற்றில் வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். சும்மா இருக்க முடியாத மனசை அவர்களுக்குத் தெரியும். கேள்வி கேட்ட சம்மாட்டிக்கும் நன்றி. அவர் கேட்காவிட்டால் இதையெல்லாம் நான் பேசியிருக்க மாட்டேன்.

கூட்டம் முடிகிற நேரத்தில் ஒரு பையன், "நம்ம ஆவுளியாவ எப்ப டிவியில காட்டுவாங்க?" என்று கேட்டான். ஆவுளியா என்றால் கடற்பசு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இலிருந்து தேசியப் பூங்கா. ஆவுளியாவும் பேராமையும் மேய்கிற கடற்புல் நம் கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஓர் ஆள் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து ஞாயிறுதோறும் படிப்பகத்துக்கு வந்து கடல் சொல்லித்தர அந்தக் கரைவலைப் பெரியவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பாசி அக்காமாரும் முறை வைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பிள்ளைகள் பிந்திக்கும் ராபர்ட்டுக்கும் எழுதிய கடிதங்களும் படங்களும் பீர்வா ஊரில் உள்ள, ஸ்டீவ் குடும்பத்தின் விலங்குக் காட்சிசாலையான ஆஸ்திரேலியா ஜூ முகவரிக்குப் போய்விட்டன. திருக்கையை அடிக்க ஓடிய பையன் திருக்கைதான் வரைந்திருந்தான். தபால் செலவை ஏற்றுக்கொண்ட டீக்கடை அண்ணனுக்கும், உறையின்மேல் இங்கிலீஷில் முகவரி எழுதிக் கொடுத்த கல்லூரித் தங்கைக்கும் நன்றி. பதில் வந்தால் படிப்பகப் பலகையில் ஒட்டுகிறேன்.

அன்புடன்,
மாலைப் படிப்பக ஆசிரியை
பாம்பன்