சத்திரசிகிச்சைப் பயிற்சி வன்னிக்கும் வரட்டும்

பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் சத்திரசிகிச்சைக் கற்கைச் சபையினருக்கு,

மதிப்புக்குரிய ஆசிரியர்களே,

நான் வன்னியில் பிறந்து, யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் படித்து, உங்கள் பயிற்சியில் சத்திரசிகிச்சை நிபுணராகி, மறுபடி வன்னியிலேயே வேலை செய்பவன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: நிபுணராவதற்குப் பயிலும் வைத்தியரான ஒவ்வொரு ரெஜிஸ்ட்ராரும் ஆறு மாதமாவது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் வைத்தியசாலைகளில் ஒன்றில் பயில வேண்டும் என்று விதியுங்கள்.

எம்.பி.பி.எஸ்., உள்ளகப் பயிற்சி, தெரிவுப் பரீட்சை, ரெஜிஸ்ட்ரார் காலம், எம்.டி., சீனியர் ரெஜிஸ்ட்ரார், வெளிநாட்டில் ஒரு வருடம் என்று நீளும் பாதையில் எனக்குக் கொழும்பும் வந்தது, இங்கிலாந்தும் வந்தது, வன்னியின் மாங்குளம் வரவில்லை. நிபுணராக நியமனம் கிடைத்த பிறகே பலர் ஓமந்தையைத் தாண்டி இந்தப் பக்கம் வருகிறார்கள். அப்போது பக்கத்தில் நின்று சொல்லித்தர யாருமில்லை.

விபத்தில் அடிபட்டு, மண்ணீரல் கிழிந்த பொடியன் ஒருவனை நடுச்சாமத்தில் ஏ9 வீதியிலிருந்து கொண்டுவருகிறார்கள். இரத்த வங்கியில் என்ன இருக்கிறது, மயக்க மருந்து நிபுணர் எங்கே நிற்கிறார், இங்கேயே வயிற்றைத் திறப்பதா, கிளிநொச்சியிலிருந்து சுமார் 65 கிலோமீற்றர் யாழ்ப்பாணத்துக்கு அம்புலன்ஸில் ஏற்றுவதா? எல்லாத் துறையும் ஒரே கட்டடத்தில் இருக்கும் பெரியாஸ்பத்திரியில் இந்தக் கேள்வியே எழாது.

சலரோகக்காரரின் காலைப் பாருங்கள். கால் மரத்துப்போனதால், வயலில் வெறுங்காலோடு நிற்பவருக்கு முள் ஏறியது தெரியாது. சேறு கழுவும்போது பெருவிரல் கறுத்திருப்பதை மனைவிதான் காண்கிறார். விரலை எடுக்க வேண்டும் என்றால், "அறுவடை முடியட்டும், டொக்டர்" என்பார். அந்த இரண்டு கிழமையில் முழங்காலுக்குக் கீழே காலே போய்விடும். அவருடைய வயலை யார் பார்ப்பார்கள் என்று விசாரித்து, அன்றைக்கே சம்மதிக்க வைப்பதும் சத்திரசிகிச்சைதான். எந்த வகுப்பிலும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

2009 போரில் உடலில் பட்ட செல் (எறிகணை) துண்டுகளோடு இன்றும் சனம் நடமாடுகிறது. கேட்டால்தான் சட்டையை உயர்த்தித் தழும்பைக் காட்டுவார்கள். கேட்காமல் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினால், உள்ளே கிடக்கும் இரும்பைக் காந்தம் அசைத்துவிடலாம். முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பது இங்கு வேலை செய்யும் தாதியருக்கும் தெரியும்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியரான டொக்டர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். தமிழில் படித்தவர்கள் ஊர்ச் சனத்தோடு தங்குவார்கள் என்பது அவர் எண்ணம். பயிலும் இடமே வைத்தியரின் மனதை ஓரிடத்தோடு கட்டுகிறது என்று நானும் நம்புகிறேன்.

ஆனால் ஆள் பற்றாக்குறையை நிரப்ப மட்டும் பயிலும் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். அமெரிக்காவில் சத்திரசிகிச்சை நிபுணர் ஹால்ஸ்டெட் தொடக்கிவைத்த பயிற்சி முறையின் உயிர், மூத்தவரின் கண்காணிப்பில் படிப்படியாக வளரும் பொறுப்பு. மேற்பார்வைக்கு ஒரு நிபுணர் இல்லாத நோயாளர் விடுதிக்கு எவரையும் அனுப்ப வேண்டாம். இங்கு செய்யும் சிகிச்சைகள் அவர்களுடைய பயிற்சிப் பதிவேட்டில் முழுமையாகச் சேர வேண்டும். தங்குவதற்குப் பாதுகாப்பான இடம் வேண்டும், பெண் வைத்தியர்களுக்கு முக்கியமாக. பரீட்சைக்கு முன் படிக்க லீவும் வேண்டும்.

இவற்றுக்கு நீங்கள் உடன்பட்டால், என் நோயாளர் விடுதியில் இரண்டு பேரை ஏற்றுப் பயிற்றுவிக்க நான் தயார். அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேசுங்கள்.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து ஒரு சத்திரசிகிச்சை நிபுணர்