தட்டைத் தூக்கிப் பார்த்த அக்காவுக்கு

நேற்று என் பிஎச்.டி. பொது வாய்மொழித் தேர்வு நல்லபடியாக முடிந்தது. ஆய்வேட்டின் நன்றியுரைப் பக்கத்தில் ஆளுக்கு அரை வரிதான் எழுத முடிந்தது, அது மனதை உறுத்திக்கொண்டே இருப்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் நன்றி உயிர்வேதியியல் ஆய்வக அக்காவுக்கு. ருத்தீனியம் என்ற உலோகத்தை வைத்துப் புற்றுநோய்க்கு எதிரான சேர்மங்கள் செய்வது என் வேலை. செய்தது தேறுமா என்று பார்க்க சிஸ்பிளாட்டினோடுதான் ஒப்பிடுவோம், 1978-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்தப் பிளாட்டின மருந்துதான் எங்கள் துறைக்கே அளவுகோல். மூன்றாம் வருடம் என் சேர்மம் ஒன்று அதையே மிஞ்சியது. கட்டுரைகூட எழுதி முடித்துவிட்டேன். அக்கா செல்களில் மருந்து போட்டுச் சோதித்த அந்த 96 குழித் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எம்.டி.டி. சோதனையில் உயிரோடு இருக்கும் செல்கள் மஞ்சளை ஊதாவாக்கும், சிஸ்பிளாட்டின் போட்ட வரிசை முழுக்க அடர் ஊதா, அதாவது செல்கள் சாகவே இல்லை. "உன் மருந்து ஜெயிச்சது இருக்கட்டும்ப்பா, சிஸ்பிளாட்டின் ஏன் இப்படித் தோத்துச்சு? எதுல கரைச்சே?" என்றார்.

டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில். எல்லாச் சேர்மத்தையும் அதில் கரைக்கிற பழக்கத்தில் இதையும் கரைத்திருந்தேன். சிஸ்பிளாட்டினில் பிளாட்டினத்தோடு இரண்டு அம்மோனியா, இரண்டு குளோரைடு. ரத்தத்தில் குளோரைடு அதிகம் என்பதால் மருந்து பெரும்பாலும் குலையாமல் போகும்; செல்லுக்குள் குளோரைடு குறைவு, அங்கே குளோரைடு கழன்று தண்ணீர் வந்து ஒட்டும், அப்புறம் அந்த இடத்தில் டி.என்.ஏ.வின் எழுத்துகளில் ஒன்றான குவானின் வந்து சேரும், இழை வளைந்து செல் சாகும். நான் கரைத்த குப்பியிலேயே குளோரைடின் இடத்தை டி.எம்.எஸ்.ஓ. பிடித்துக்கொண்டுவிட்டது. செல்லுக்குப் போனது சிஸ்பிளாட்டினே இல்லை.

என் அத்தைக்கு இதே மருந்து ஏறியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். உப்பில் குளோரைடு உண்டே, அந்த உப்புநீர்ப் பையில் கலந்துதான் ஏற்றினார்கள். சிறுநீரகம் கெட்டுவிடக் கூடாதே என்று மருந்துக்கு முன்னும் பின்னும் பாட்டில் பாட்டிலாக நீர் ஏற்றி, அத்தை எவ்வளவு சிறுநீர் கழித்தார் என்று ராத்திரி முழுக்க அளந்து எழுதிய சிஸ்டருக்கு அன்று ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், சிஸ்டர்.

வழிகாட்டி சார் திட்டவில்லை. சிஸ்பிளாட்டினுக்கு வழிதிறந்த விஞ்ஞானி ரோசன்பெர்க் மிச்சிகனில் 1965-ல் கண்டதைச் சொன்னார்: பாக்டீரியா பிரியாமல் நூல்போல நீண்டதற்கு மின்புலம் காரணமல்ல, மின்முனைப் பிளாட்டினம் கரைந்து உண்டான சேர்மங்கள்தான் காரணம் என்று அவர்கள் தேடிக் கண்டுபிடித்த கதை. "கரைசல்ல என்ன இருக்குன்னு பாரு, மறுபடி போடு" என்றார், அவ்வளவுதான். சிஸ்பிளாட்டினை உப்புநீரில் கரைத்தோம், என் சேர்மங்கள் கரைசலில் எத்தனை மணி நேரம் தாங்குகின்றன என்று மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவியில் பார்த்தோம், இரண்டு மாதம் போனது. சிஸ்பிளாட்டின்தான் முந்தியது. கட்டுரையை அந்த எண்களோடு திருத்தி அனுப்பினோம், எனக்கு அதில் முழுத் திருப்தி.

ஞாயிற்றுக்கிழமையும் வந்து ஆய்வகத்தைத் திறந்துவிட்ட அட்டெண்டர் அண்ணனுக்கும், செல்கள் தந்த புனே தேசிய செல் அறிவியல் மையத்துக்கும், கேட்கும்போதெல்லாம் பணம் அனுப்பிய மாமாவுக்கும் நன்றி.

அக்கா, அந்தத் தட்டின் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. இப்போது ஜூனியர் பிள்ளைகளுக்கு சிஸ்பிளாட்டின் எடுத்துக் கொடுக்கும்போது உப்புநீர்ப் பாட்டிலையும் சேர்த்தே கையில் கொடுக்கிறேன்.