லப்டொப்பில என்ன போர்ட் இருக்கெண்டு கேட்டிட்டு வயரைக் குடுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

திருகோணமலை டவுனில மொனிட்டர், வயர், அடப்டர் விக்கிற கடைக்காரரிட்ட ஒரு விசயம் கேக்கத்தான் இதை எழுதுறன், உங்கட பேப்பரில போட்டா அவையளும் வாசிப்பினம்.

இப்ப கன வீட்டில பிள்ளையளின்ர படிப்பே லப்டொப்பிலதான், கெம்பஸ் பிள்ளையளும் சரி சூமில ஏஎல் ரியூசன் பாக்கிறவையும் சரி, அந்தச் சின்னத் திரையில ஒரு பக்கம் வகுப்பு மற்றப் பக்கம் நோட்ஸ் எண்டு குனிஞ்சபடியே இருந்து கழுத்து நோகுது கண் உளையுது எண்டுதுகள். சரி ஒரு மொனிட்டர் வாங்கிப் பூட்டுவம் எண்டு தாய் தேப்பன் காசு சேர்த்துக்கொண்டு போனா, கடையில எத்தின இஞ்ச் திரை வேணும் எண்ட கதை மட்டும்தான்.

என்ர அக்கான்ர மகளுக்கு நடந்ததைச் சொல்லுறன். அவளின்ர லப்டொப்பில மொனிட்டர் வயர் குத்துற எச்டிஎம்ஐ போர்ட் பழுது. டைப் சி எண்ட சின்ன யுஎஸ்பி போர்ட் இருக்குத்தானே எண்டு டைப் சியில இருந்து எச்டிஎம்ஐக்கு மாத்துற அடப்டரைக் குடுத்து விட்டினம், கொண்டுவந்து குத்தினா நோ சிக்னல். திருப்பிக் கொண்டுபோக, பெட்டி உடைச்சாச்சு எடுக்கேலாது எண்டிட்டினம். அடப்டரில பிழை இல்ல, அந்த லப்டொப்பின்ர டைப் சியால படம் வராது, டேட்டா மட்டும்தான் போகும். பாக்க எல்லா டைப் சியும் ஒரே மாதிரித்தான் இருக்கும், ஆனா டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் எண்டு டைப் சியால படத்தை அனுப்புற வசதி இருந்தாத்தான் படம் வரும், இல்லாட்டி தண்டர்போல்ட் எண்ட வேகமான வகைப் போர்ட்டா இருக்கோணும். சிலதில போர்ட்டுக்குப் பக்கத்தில டிபி (டிஸ்ப்ளேபோர்ட்) அடையாளமோ மின்னல் அடையாளமோ போட்டிருக்கும், சிலதில ஒண்டும் இருக்காது, மொடல் நம்பரை நெட்டில அடிச்சுப் பாத்தாத் தெரியும், கடையில நிண்டபடியே பாக்கலாம். இப்பிடியான லப்டொப்புக்கு டிஸ்ப்ளேலிங்க் எண்டு வேற அடப்டர் இருக்கு, சாதாரண யுஎஸ்பியிலயே குத்தி அதுக்குரிய டிரைவர் எண்ட மென்பொருளைப் போட்டா வேலை செய்யும், அதைச் சொல்ல ஒருத்தர் இருந்திருந்தா அவளின்ர காசு வீணாப் போயிருக்காது.

போன் சார்ஜர் வயரும் அப்பிடித்தான், ரெண்டு பக்கமும் டைப் சி எண்டாலும் கனக்க வயர் படத்தைக் கொண்டு போகாது.

விஜிஏ எண்ட பழைய வகைப் போர்ட் உள்ள மொனிட்டர் எத்தினை வீட்டிலயும் கந்தோரிலயும் தூசி பிடிச்சுக் கிடக்குது. புதுசு வாங்க வசதி இல்லாத பிள்ளைக்கு அது தாராளமாக் காணும். ஆனா எச்டிஎம்ஐயில போறது டிஜிட்டல் சிக்னல், விஜிஏயில போறது அனலொக், ரெண்டும் வேற வகை, அதால நடுவில சிப் உள்ள கன்வேர்ட்டர் வேணும், வெறும் வயரால சரிவராது. அதுவும் ஒரு பக்கத்துக்குத்தான் வேலை செய்யும், எச்டிஎம்ஐயில இருந்து விஜிஏக்குப் போறது வேற, விஜிஏயில இருந்து எச்டிஎம்ஐக்கு வாறது வேற, கடையில ரெண்டும் ஒரே கொக்கியில தொங்குது. விஜிஏயில சத்தமும் வராது, லப்டொப் ஸ்பீக்கரிலதான் கேக்கோணும்.

பூட்டினாப் பிறகு விண்டோஸ் பட்டனோட பி அமத்தி எக்ஸ்டெண்ட் குடுத்தா ரெண்டு திரையும் வேற வேறயா வரும், கனபேர் ரெண்டிலயும் ஒரே படம் வாற டூப்ளிகேட்டில விட்டிட்டு இதாலயும் பிரயோசனம் இல்ல எண்டு இருக்கினம். மொனிட்டரின்ர மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வாற மாதிரி ரெண்டு தடிச்ச புத்தகத்தைக் கீழ வைச்சாலும் காணும், கழுத்து நோவு குறையும்.

கடைக்கார அண்ணாமாரே, லப்டொப்பையும் கொண்டு வாங்கோ எண்டு சொல்லுங்கோ, கடையிலயே குத்திக் காட்டிட்டுக் காசை எடுங்கோ. ஆசிரியர் ஐயா, உங்கட பக்கத்தில ஒருநாள் இந்தப் போர்ட்டுகளின்ர படத்தைப் பெரிசாப் பேரோட போட்டா, வெட்டிக்கொண்டு கடைக்குப் போக உதவும்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
உப்புவெளி, திருகோணமலை