சொன்னால் கோபிப்பார் என்று சும்மா இருக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் காரில் போன வாரம் மதுரையிலிருந்து கோவில்பட்டிக்கு வந்தேன். திருமங்கலம் தாண்டியதும் ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் செல்போன். வாட்ஸ்அப்பில் பதில் எழுதிக்கொண்டே ஓட்டுகிறார். முள் 80-ஐத் தொட்டு நிற்கிறது. அந்த வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகும். மூன்று நொடி போனைப் பார்த்தால் 66 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்.

நல்ல மனிதர், அவசரத்துக்கு முதலில் ஓடி வருபவர். அதனாலேயே வாய் வரவில்லை. விருதுநகர் தாண்டி, இடது ஓரமாகப் போன டிவிஎஸ் எக்ஸெல் ஒன்றை உரசாத குறையாகக் கடந்தார். பின்னால் பால் கேனுக்கும் அப்பாவின் முதுகுக்கும் நடுவே ஒரு சிறுமி. அப்புறம் என்னால் முடியவில்லை. "அண்ணாச்சி, வண்டியை ஓரங்கட்டுங்க. இல்லன்னா நான் இறங்கி பஸ்ல வர்றேன்" என்றேன்.

"இருபது வருஷமா ஓட்டுறேன்" என்றார். போன் பார்த்துக்கொண்டு ஓட்டுவதை 2019 சட்டத் திருத்தம் ஆபத்தான ஓட்டுதல் என்றே சொல்கிறது, சிறைத் தண்டனைகூட உண்டு என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் போனை என் கையில் கொடுத்தார்.

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் மனைவி மாடியில் துணி காயப்போடும்போது, "நீங்க சொன்னது நல்லதாப் போச்சு தம்பி, நான் சொன்னா கேக்கவே மாட்டாங்க" என்றார்.

- ஒரு வாசகர், கோவில்பட்டி