வன்னியில் கீரை கிடையாதாம்!

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் ஒரு வரி: ‘கீரையும் பழமும் அரிதான வன்னி போன்ற இடங்களில் வாழ்வோர் நாளுக்கொரு குளிசையால் சுயாதீன மூலிகங்களை ஒழிக்கலாம்.’ (உடலில் உண்டாகி, கலங்களைத் தாக்கவல்ல நிலையற்ற மூலக்கூறுகளே இம்மூலிகங்கள்.) கட்டுரையாளர் மாங்குளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்த்ததில்லைப் போலும். எங்கள் வளவு முருங்கை வேலி தாண்டி வீதியில் சாய்ந்து நிற்கிறது. கிணற்றடியில் வல்லாரை. பாலைப்பழக் காலத்தில் பிள்ளைகளின் உதடுகள் பால் பிசினில் ஒட்டிக்கொண்டு வாய் திறக்க மாட்டாமல் கிடக்கும். யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது பனடோலுக்கே அலைந்தோம், இலைகுழைதான் காப்பாற்றியது. அன்று எங்களுக்குக் குளிசை சிபாரிசு செய்ய ஒருவரும் வரவில்லை.

ஒழிப்பதாம்! கலங்கள் ஒட்சிசனைக் கொண்டு சக்தி பெறும்போதே இம்மூலிகங்கள் உண்டாகின்றன. அளவு மீறினால் டி.என்.ஏ.யையும் கலமென்சவ்வையும் சிதைக்கும், உண்மைதான். ஆனால் வெண்குருதிக் கலங்கள் கிருமிகளைக் கொல்வதும் அவற்றைக் கொண்டே. தாங்கள் அறியாததல்ல: பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் பங்கெடுத்த ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தது. அந்தக் குளிசையில் உள்ள பீற்றா கரோட்டினை (கரட்டின் செம்மஞ்சள் நிறப்பொருள்) தினமும் 20 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் சுவாசப்பைப் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த இன்னோர் ஆய்வை 1996இல் இதே அச்சத்தால் இடைநடுவில் நிறுத்தினார்கள். பக்கம் முழுவதும் தேடினேன், இதைப் பற்றி ஓர் எழுத்தில்லை. கட்டுரைக்குக் கீழே அதே வகைக் குளிசைக்குக் கால்பக்க விளம்பரம் மட்டும் பளிச்சென்று இருந்தது. தற்செயலாகத்தான் இருக்கும்.

சுருட்டை வாயிலிருந்து எடுக்காத என் அயலவர் அந்தப் பக்கத்தை வெட்டி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார். கடைக்காரர் செம்மஞ்சள் குளிசைப் போத்தலை எடுத்து நீட்டினாரே தவிர, புகைப்பீர்களா என்று கேட்கவில்லை. ‘இனிச் சுருட்டு என்னை ஒன்றும் செய்யாது, சேர்’ என்கிறார். பத்திரிகையில் வந்ததை நான் மறுத்தால் நம்புவாரா?

சென்ற ஆண்டு குரக்கனைப் ‘புதிய அதிசய உணவு’ என்று எழுதியபோதும் பொறுத்துக்கொண்டேன். கடிதம் போட்டேன், பிரசுரமாகவில்லை.

புகைபிடிப்போர் பீற்றா கரோட்டின் குளிசை எடுக்கலாகாது என்று அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். இங்கே பல ஞாயிறுகளில் இணைப்பிதழ் இல்லாமலே பத்திரிகை வந்து சேர்கிறது. அன்றைக்காவது சேர்த்து அனுப்பிவையுங்கள்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
ஒட்டுசுட்டான்.